ஆற்றுப் பக்கம் காட்டிய கை

போன கிழமை ஒரு கலியாண வீட்டில், பந்திக்கு இடம் கிடைக்காமல் கதிரைகளில் சாய்ந்திருந்த நம் வயதுக்காரர் சிலரிடம், "ஓம்-இல்லை விளையாட்டு ஞாபகமிருக்கா?" என்று கேட்டுப் பார்த்தேன். ஒருவருக்கு முழங்கால் வலி ஞாபகமிருந்தது. இன்னொருவருக்குத் தன் மருமகளின் குறைகள் வரிசையாக ஞாபகமிருந்தன. விளையாட்டு ஒருவருக்கும் ஞாபகமில்லை. வீட்டுக்கு வந்தும் எனக்கு அந்தக் கோபம் ஆறவில்லை, அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நொடி, அதுதான் விடுகதை, போடுவது உங்களுக்கு மறந்திருக்காது. அதில் விடை தெரிந்தவன் வாயைத் திறப்பான், தெரியாதவன் தலையைச் சொறிவான், அவ்வளவுதான். ஓம்-இல்லை அப்படியல்ல. ஒருவர் ஒரு விசித்திரமான சம்பவத்தை இரண்டு வரியில் சொல்லுவார். மிச்சத்தை மற்றவர்கள் கேள்வி கேட்டுக் கேட்டே கண்டுபிடிக்க வேண்டும். சொன்னவர் 'ஓம்' என்பார் அல்லது 'இல்லை' என்பார். கேள்விக்கும் கதைக்கும் தொடர்பில்லாவிட்டால் 'அதால ஒண்டுமில்ல' என்பார். அதற்கு மேல் ஒரு சொல் பேசக் கூடாது.

என் பேத்தியின் கைபேசியில் இப்போது இதே விளையாட்டு இருக்கிறது. பொறுமையில்லாதவர்களுக்காக மூலையில் ஒரு மஞ்சள் பொத்தான் வைத்திருக்கிறார்கள். அமுக்கினால் விடை வந்துவிடும். அவள் கதையை வாசித்து முடிப்பதற்கு முன்பே பொத்தானை அமுக்குகிறாள். எனக்கு அந்தப் பொத்தானைக் கண்டாலே பற்றிக்கொண்டு வருகிறது.

நான் சொல்ல வந்தது ஒரு சித்திரை விடுமுறையை. அந்தக் காலம் பொற்காலம் என்று சொல்ல வரவில்லை. மழைக்குள் கழிப்பறைக்குக் குடை பிடித்துக்கொண்டு போன காலம் அது. ஆனால் அந்த ஒரு விடுமுறை மட்டும் எனக்குள் வேறு விதமாகக் கிடக்கிறது. கண்ணை மூடினால் அதன் வெளிச்சம்தான் முதலில் வருகிறது.

மாமாவின் வீடு எழுவான்கரையில், ஆற்றை ஒட்டி இருந்தது. வாவி என்று புத்தகத்தில் எழுதுவார்கள், நமக்கெல்லாம் அது ஆறுதான். மாமாவின் வீடு என்று சொல்கிறேனே தவிர அது மாமியின் வீடு. நம் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தானே. மாமா கலியாணம் செய்து அங்கே போனவர். பின்கதவைத் திறந்தால் முற்றம், இரண்டு தென்னை, அதற்கப்பால் தண்ணீர். தண்ணீருக்கு அந்தப் பக்கம் படுவான்கரை. அங்கே ஒரு பெரிய ஆலமரத்தின் தலை தெரியும். அதற்குக் கீழேதான் கண்ணகி அம்மன் கோயில். பகல் சாய்ந்தால் தண்ணீரில் பட்ட வெயில் பின்கதவால் உள்ளே வந்து, ஓட்டுக்குக் கீழே சலாகைகளில் அசையும். கூரை முழுக்க வெளிச்சம் நெளிந்துகொண்டிருக்கும். அதைப் பார்த்துக்கொண்டு பன்பாயில் மல்லாந்து கிடந்தால் வீடே மெதுவாக மிதந்து போவது போலிருக்கும். நான் பலமுறை அப்படியே தூங்கியிருக்கிறேன்.

அந்த வருடம் வெட்டு முடிந்து, சூடடித்து, நெல்லை வீட்டுக்கு ஏற்றிய கையோடு மாமாவுக்குப் பாரிசவாதம் அடித்தது. வலக்கையும் வலக்காலும் விழுந்துவிட்டன. வாய் ஒரு பக்கம் கோணி, பேச்சும் போய்விட்டது. ஆஸ்பத்திரியில் சில நாள் வைத்திருந்துவிட்டு வீட்டுக்கு அனுப்பினார்கள். "நல்லாச் சாப்பிட்டா எழும்புவார். சாப்பிடாட்டி நான் ஒண்டும் சொல்லேலா" என்று ஆஸ்பத்திரி வைத்தியரான அப்போதிக்கரி சொல்லிவிட்டார். மாமா சாப்பிடவில்லை. அதுதான் எல்லோருக்கும் பெரிய கவலை.

அவருக்குத் துணைக்கென்று அம்மாவும் பெரியம்மாவும் எங்களைக் கூட்டிக்கொண்டு அங்கே போனார்கள். மாமா அவர்கள் இருவருக்கும் தம்பி. பெரியம்மா எந்த வீட்டுக்குப் போனாலும் அரை நாளில் அந்த வீட்டுச் சாவிக்கொத்து அவருடைய இடுப்பில் இருக்கும். அம்மா அவருக்குப் பின்னால் 'ஓம் அக்கா, ஓம் அக்கா' என்று திரிவார். மாமியை நீங்கள் பார்த்திருந்தாலும் ஞாபகம் வைத்திருக்க மாட்டீர்கள். மெலிந்த, சத்தமில்லாத மனுசி. சண்டை பிடிக்கத் தெரியாது, அழவும் தெரியாது. மாமா விழுந்த நாளில்கூட அவர் ஊர் கேட்க ஒப்பாரி வைக்கவில்லை. "கல்லு மாதிரி இரிக்கிறாள்" என்று பெரியம்மா அம்மாவின் காதுக்குள் சொன்னது எனக்குக் கேட்டது. மாமிக்கும் கேட்டிருக்கும்.

மாமாவைச் சாய்மனைக் கதிரையில் பின்கதவைப் பார்க்க இருத்தியிருப்பார்கள், காற்றுக்காக. மாமி அந்தக் கதவு நிலையில் இருந்துகொண்டு அரிசி கொழிப்பார், கீரை ஆய்வார், சும்மாவும் இருப்பார். சாப்பாட்டு நேரம் வந்தால் சோற்றைக் குழைத்துக் கொண்டுவந்து மாமாவுக்கு ஊட்டப் பார்ப்பார். மாமா வாயை இறுக்கிக்கொள்வார். இடக்கையால் சோற்றுக் கோப்பையை மாமியின் பக்கம் தள்ளிவிடுவார். ஒரு நாள் கோப்பை கவிழ்ந்து பாலாணக் குழம்பு எல்லாம் மாமியின் மடியில் கொட்டியது. "பொஞ்சாதிட கையால தின்ன அவனுக்கு மனமில்ல போல. என்ன மனக்குறையோ" என்றார் பெரியம்மா, இந்த முறை காதுக்குள் இல்லாமல் எல்லோருக்கும் கேட்கவே. மாமி சீலையைத் துடைத்துக்கொண்டு குசினிக்குள் போனார். அன்றிலிருந்து பெரியம்மாதான் ஊட்டினார். அதற்கும் மாமா வாயைத் திறக்கவில்லை. கஞ்சியை இரண்டு கரண்டி வாயோரத்தால் வடிய வடிய ஊற்றுவார்கள்.

இன்னொன்றும் செய்வார். இடது உள்ளங்கையால் வாயை மூடுவார். பிறகு அந்தக் கையைப் பின்கதவின் பக்கம் நீட்டுவார். திரும்பவும் வாயை மூடுவார், திரும்பவும் நீட்டுவார். தொண்டைக்குள்ளிருந்து ஒரு சத்தம் வரும். கண் எங்களைப் பார்த்துக் கெஞ்சும். எல்லோரும் கை காட்டிய திசையைப் பார்ப்பார்கள். முற்றம், தென்னை, ஆறு, ஆலமரம். கதவு நிலையில் இருக்கும் மாமியும் தலையைத் திருப்பி ஆற்றைப் பார்ப்பார்.

கண்டுபிடித்தது பெரியம்மாதான். அவர் முழங்காலில் தட்டிய தட்டில் நான் பயந்துவிட்டேன்.

"வாயக் கட்டுறான்கா! அம்மனுக்கு வாய் கட்டிப் பூசை செய்யிறதத்தான் காட்டுறான். நேர்த்தி ஏதோ கிடக்கு. வைச்சிட்டு மறந்திட்டான். அதுதான் அவ விழுத்திப்போட்டா!"

உங்களுக்குத் தெரியும், கண்ணகி கோயிலில் கப்புகனார் பூசை செய்யும்போது மூச்சுக்காற்று படாமல் வெள்ளைத் துணியால் வாயைக் கட்டியிருப்பார். வாயை மூடுகிறார், கோயில் பக்கம் காட்டுகிறார். இதைவிட என்ன வேண்டும்? நம் ஊரில் யாரிடம் காட்டியிருந்தாலும் இதைத்தான் சொல்லியிருப்பார்கள். கப்புகனாரையும் தோணி அனுப்பிக் கூட்டிவந்தார்கள். அவர் நல்ல மனுசன். மாமாவைக் கனநேரம் பார்த்துவிட்டு, "அப்பிடியும் இருக்கலாம்" என்றார். அவர் தோணி ஏறுவதற்குள் பெரியம்மா அதை 'அப்பிடித்தான்' ஆக்கிவிட்டார்.

அந்தக் கோயிலின் கதவு வருடத்துக்கு ஒருமுறை, வைகாசிச் சடங்குக்குத்தான் திறக்கும். அதுவரைக்கும் என்ன செய்வது? மாமி விரதம் பிடிக்க வேண்டும் என்று தீர்மானமாயிற்று. மாமா விழுந்த நாளிலிருந்தே அவர் சோற்றைக் கொறித்துவிட்டுத்தான் எழும்புவார், செவ்வாயும் வெள்ளியும் ஒருவேளைச் சாப்பாடுதான். இப்போது ஒவ்வொரு நாளும். பொழுதுபட்ட பிறகு கொஞ்சம் பாலும் ஒரு வாழைப்பழமும். அம்மன் கதவு திறக்கும்வரை சோறு தொடக் கூடாது. மாமி மறுக்கவில்லை. அடுத்த நாளே மாமா வாயை மூடி ஆற்றுப் பக்கம் காட்டுவது இரண்டு மடங்கானது. "பாத்தியா, அம்மன் கேக்கிறா" என்று பெரியம்மா விபூதி பூசினார்.

இந்த நேரத்தில்தான் மாமாவின் மகள், என் மச்சாள், பட்டணத்தில் விடுதியில் இருந்து படித்தவள், விடுமுறைக்கு வந்தாள். அவளுக்குப் பதினான்கு பதினைந்து வயதிருக்கும். எனக்கு அப்போது இரட்டைப் பின்னல். விடுதியில் கற்றுக்கொண்ட ஓம்-இல்லையை அவள்தான் எங்கள் ஊருக்குக் கொண்டுவந்தாள். நீங்கள் பிறகு பள்ளிக்கூடத்து வாகை மரத்தடியில் விளையாடியதெல்லாம் அவள் போட்ட விதைதான்.

பகலில் பெரியவர்கள் கண்ணயரும் நேரம் மாமாவின் கதிரையைச் சுற்றிப் பாய் விரித்துக்கொண்டு இருப்போம். கச்சான் காற்று அனலாக அடிக்கும். ஆற்றிலிருந்து சேற்று மணமும் வலை காயும் மணமும் வரும். ஆளுக்கு ஒரு பிடி புளியங்கொட்டை. ஒரு கேள்விக்கு ஒரு கொட்டையை நடுவில் வைக்க வேண்டும். கொட்டை முடிந்தால் வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டியதுதான். என் தம்பி சின்னவன் எப்போதும் முதலில் முடித்துவிட்டு மற்றவர்களிடம் கடன் கேட்பான்.

அவள் சொன்ன முதல் கதை இன்னும் அப்படியே இருக்கிறது.

"ஒரு மனிசன் கொட்டுற மழைக்குள்ள நடந்து வாறான். கக்கத்தில குடை இரிக்கு. விரிக்கல்ல. குடையில பழுதில்ல. ஆளுக்கு விசருமில்ல. ஏன்?"

"குடிச்சிருக்கானா?" என்றேன்.

"இல்லை."

"குடைக்குள்ள கோழிக்குஞ்சு இரிக்கா?" இது சின்னவன்.

"இல்லை."

"கோயிலுக்கு நேர்ந்த குடையா?"

"இல்லை."

"அவனுக்கு மழை எண்டா விருப்பமா?"

"அதால ஒண்டுமில்ல."

என் கையில் மிஞ்சிய ஒன்றைத் தவிரக் கொட்டை முழுவதும் நடுவில் குவிந்தது. கூரையில் வெளிச்சம் நெளிந்தது. நான் கிட்டத்தட்டத் தூங்கிவிட்டேன். தூக்கத்துக்குள் இருந்துதான் அந்தக் கேள்வி வந்தது என்று நினைக்கிறேன். "மழைக்கு முதலே நனைஞ்சிட்டானா?"

"ஓம்!" என்று மச்சாள் என் முதுகில் அடித்தாள். அவன் ஆற்றில் இறங்கி வலை வீசிவிட்டு வருகிறவன். தலையிலிருந்து கால்வரை ஏற்கெனவே ஈரம். பிறகு குடை எதற்கு?

"மழைதான் அவன நனைச்சது எண்டு எல்லாரும் நினைச்சிட்டீங்க. அதக் கேக்கணும் எண்டு ஒருத்தருக்கும் தோணல்ல" என்றாள். "கேக்காம நினைச்சுக்கொள்ளுறம் பாரு, அதுதான் பூட்டு. எல்லாக் கதையிலயும் அப்பிடி ஒண்டு இரிக்கும்."

இன்னொரு நாள் வேறு கதை. ஒருவன் ஆற்றுக்கும் கடலுக்கும் நடுவால் நடந்து அக்கரைக்குப் போனான். கால் நனையவில்லை. தோணியில்லை, பாலமில்லை, பாதையுமில்லை. பாதை என்றால் இங்கே ஆட்களையும் மாட்டையும் வண்டியையும் ஏற்றிக்கொண்டு ஆறு கடக்கும் மிதவைதான். நாங்கள் முட்டி மோதிக்கொண்டிருந்தபோது கதிரையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. மாமா சிரிக்கிறார்! கோணிய வாயால் சிரித்தால் அப்படித்தான் இருக்கும் என்று எங்களுக்கு அன்றுதான் தெரிந்தது. சின்னவன் எழும்பிப் போய் அவருடைய முகத்துக்கு நேரே நின்றான்.

"மாமா, உங்களுக்கு விடை தெரியுமா?"

மாமா இரண்டு கண்ணையும் இறுக்கி மூடித் திறந்தார்.

மச்சாள் கதிரைக்குக் கிட்ட நகர்ந்தாள். பிறகு மிக மெதுவாகக் கேட்டாள். "அப்பா, அவன் பறந்து போனானா?" மாமா முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பினார். "நடந்ததா?" கண்ணை மூடித் திறந்தார். "முகத்துவாரம் மண்மூடிக் கிடக்கிற நேரமா?" மூடித் திறந்தார். கோடையில் ஆற்றுவாய் அடைத்து மணல்மேடாகக் கிடக்கும்போது அவரே எத்தனையோ தரம் அதன் மேல் நடந்து போயிருக்கிறார். எங்கள் எல்லோரையும் அவர் வென்றுவிட்டார்.

நான் அன்று அடைந்த சந்தோசத்தைச் சொல்ல எனக்கு இன்றும் வார்த்தை போதவில்லை. அத்தனை நாளும் பெரியவர்கள் அவருக்குக் காது கேட்காதது போலக் கத்திப் பேசினார்கள், அறிவு கலங்கிவிட்டது என்று அவருக்கு முன்னாலேயே கதைத்தார்கள். அவரோ எல்லாம் விளங்கிக்கொண்டு உள்ளே இருந்திருக்கிறார். அவரிடம் எல்லோரும் கேட்டது ஒரே கேள்வி. "என்ன வேணும்? என்ன வேணும் சொல்லு." வாய் போன மனிதன் அதற்கு எப்படிப் பதில் சொல்லுவான்?

மச்சாள் ஓடிப்போய்ப் பெரியம்மாவை எழுப்பினாள். பெரியம்மா கொண்டையை முடிந்துகொண்டே, "வருத்தக்காரன் கண்ண மூடித் திறக்கிறதெல்லாம் ஒரு கதையா புள்ள? நித்திரை வந்திருக்கும்" என்றுவிட்டுத் திரும்பிப் படுத்தார்.

அதன்பிறகு எங்களுக்கு ஒரே கதைதான். ஒரு மனிதன் வாயை மூடுகிறான், ஆற்றுப் பக்கம் கை காட்டுகிறான், ஏன்? மச்சாள் கேட்பாள். நாங்களும் கொட்டை வைத்துக் கேட்போம்.

"அம்மன் கோயிலுக்குப் போகோணுமா?" இல்லை. "நேர்த்திக்கடனா?" இல்லை. "படுவான்கரை வயல்ல ஏதுமா?" இல்லை. "மாடா?" இல்லை. "ஆத்துக்க விட்ட வலையா?" இல்லை. "தண்ணி வேணுமா? குளிக்கோணுமா? கடலைப் பாக்கோணுமா?" இல்லை, இல்லை, இல்லை.

ஆற்றிலும் அக்கரையிலும் உள்ள எல்லாவற்றையும் கேட்டு முடித்துவிட்டோம். ஒவ்வொரு இல்லைக்கும் மாமாவின் முகம் சுவரில் கூடுதல் நேரம் நின்றது. ஒரு பின்னேரம் சுவரிலிருந்து முகத்தை எடுக்கவே இல்லை. மச்சாள் கிணற்றடிக்குப் போய் அழுதாள். "அப்பா செத்திருவாருடி. அவர் என்ன சொல்றார் எண்டு தெரியாமலே செத்திருவார்" என்றாள். பக்கத்தில் நின்று நானும் அழுதேன். அன்றுதான் மாமி கிணற்றடியில் தலை சுற்றி வாளியோடு அப்படியே குந்திவிட்டார். "விரதக்காரருக்கு அப்பிடித்தான், ஒண்டுமில்ல" என்று பெரியம்மா முகத்தில் தண்ணீர் தெளித்தார். அவர் பொய் சொல்லவில்லை. உண்மையாகவே அதை ஒன்றுமில்லை என்றுதான் நினைத்தார். நாங்களும் அப்படித்தான் நினைத்தோம். வீட்டில் நோயாளி ஒருவர்தான் என்று எல்லோருக்கும் தீர்மானம்.

அடுத்த நாள் மத்தியானம் எங்களுக்குச் சோறு போட்டார்கள். சின்னவனின் வலக்கையில் முந்திய நாள் கெழுத்தி முள் ஏறி, கை பொங்கியிருந்தது. அவன் பாவம், இடக்கையால் அள்ளிச் சாப்பிட்டான். பழக்கமில்லாத கை. விரலைக் குவிக்கத் தெரியாமல் உள்ளங்கை முழுவதையும் வாயில் வைத்து அப்பினான். பெரியம்மா வந்து மணிக்கட்டில் ஒன்று போட்டார்.

"இடக்கையால தின்னுறது ஆருடா? சோத்துக்கை என்னத்துக்குக் கிடக்கு?"

"அந்தக் கை ஏலா!" என்று சின்னவன் கத்தி அழுதான்.

மச்சாள் வாய்க்குக் கொண்டுபோன கையை அப்படியே நிறுத்தினாள். சின்னவனின் உள்ளங்கை மூடிய வாயைப் பார்த்தாள். பிறகு கையைக்கூடக் கழுவாமல் எழும்பினாள். நானும் பின்னால் போனேன்.

மாமா கதிரையில் கிடந்தார். மாமி கதவு நிலையில் முறத்தோடு இருந்தார். மச்சாள் மாமாவின் காலடியில் குந்தினாள்.

"அப்பா, உங்களுக்கு ஏதும் வேணுமா?"

மாமா முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பினார்.

இத்தனை நாளும் ஒருவரும் கேட்காமல் நினைத்துக்கொண்டது இதைத்தான்.

"வேற ஆருக்குமா?"

கண்ணை மூடித் திறந்தார்.

"நீங்க வாயப் பொத்தல்ல. சாப்பிடுறதக் காட்டுறீங்க. ஓமா?"

மூடித் திறந்தார். மூடித் திறந்தார். மூச்சு வாங்கியது அவருக்கு.

மச்சாள் அவருடைய கதிரைக்குப் பின்னால் போய், தலையை அவருடைய தலையோடு ஒட்டிவைத்து, அவர் பார்க்கும் பக்கம் பார்த்தாள். நானும் பார்த்தேன். ஆறு தெரிந்தது, ஆலமரம் தெரிந்தது. அவற்றுக்கு முன்னால், இரண்டு கை எட்டும் தூரத்தில், மாமி இருந்தார். தோள் எலும்பு சட்டைக்கு மேலால் துருத்திக்கொண்டிருந்தது. கன்னம் உள்ளே போயிருந்தது. அவரைத் தாண்டித்தான் இத்தனை பேரும் இத்தனை நாளும் ஆற்றைப் பார்த்திருக்கிறோம்.

"அம்மாவுக்கா அப்பா? அம்மாவச் சாப்பிடச் சொல்லியா?"

மாமா கண்ணை மூடினார். திறக்கவில்லை. மூடிய கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டேயிருந்தது.

நீங்களே யோசித்துப் பாருங்கள். மனைவி சாப்பிடாமல் கிடக்கிறாள், அவள் சாப்பிடாமல் தானும் சாப்பிடுவதில்லை என்று ஒரு மனிதன் இருக்கிறான். கோப்பையை அவள் பக்கம் தள்ளிப் பார்க்கிறான், மனமில்லை என்கிறார்கள். இருக்கிற ஒரு கையால் 'சாப்பிடு' என்று காட்டிப் பார்க்கிறான். இடக்கை வாய்க்குப் போவதைச் சாப்பாடு என்று நம்மில் எவருக்குத் தோன்றும்? நேர்த்தி என்று சொல்லி அவளுடைய மிச்சச் சோற்றையும் நிறுத்துகிறார்கள். அவன் இன்னும் வேகமாகக் காட்டுகிறான், அவர்கள் இன்னும் இறுக்குகிறார்கள். இப்போது கடல் கடந்து போன என் பிள்ளைகள் தொலைபேசியில் 'என்ன வேணும் அம்மா' என்று கேட்கிறபோதெல்லாம் எனக்கு மாமாவின் அந்த முகம் வந்து போகிறது. எவ்வளவு அன்பான மனிதர்கள் சேர்ந்து எவ்வளவு கொடுமையைச் செய்துவிட்டார்கள் என்று இந்த வயதில் நினைத்தால் எனக்கு யார் மேலும் கோபம் வரவில்லை, துக்கம்தான் வருகிறது.

சத்தம் கேட்டு அம்மாவும் பெரியம்மாவும் வந்தார்கள். மச்சாள் அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள்.

"விசர்க்கதை கதைக்காத புள்ள" என்றார் பெரியம்மா. அவருடைய குரலில் பயமிருந்தது. "அம்மன்ட கதவு திறக்க முதல் விரதத்த முறிச்சா என்ன நடக்கும் தெரியுமா? இவனுக்கு ஒண்டு நடந்தா ஆர் பதில் சொல்றது? உன்ட கொம்மாதான் சொல்லணும்! ஊரே அவளத்தான் சொல்லும்!"

அது பொய்யில்லை. ஊர் அப்படித்தான் சொல்லியிருக்கும். மாமிக்கும் அது தெரியும். மாமி முறத்தை இறக்கி வைத்தார். மாமாவைப் பார்த்தார், பெரியம்மாவைப் பார்த்தார். என் அம்மா வாழ்க்கையில் முதல்தடவையாக 'ஓம் அக்கா' என்று சொல்லாமல் நின்றார். பிறகு குசினிக்குள் போய் ஒரு கோப்பையில் சோறும் மீனாணமும் போட்டுக்கொண்டு வந்து, மாமிக்கும் மாமாவுக்கும் நடுவில் வைத்தார்.

மாமா இடக்கையை நீட்டினார். கோப்பையை மாமியின் பக்கம் தள்ளினார். இந்த முறை அது கவிழவில்லை.

மாமி கிட்டப் போய் அவருடைய முகத்துக்கு நேரே இருந்தார். விளையாட்டை யாரும் அவருக்குச் சொல்லித் தரவில்லை, ஆனால் கதவு நிலையில் இருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். புருசனுக்கு முன்னால் அவர் இவ்வளவு தெளிவாகப் பேசி நான் கேட்டதில்லை.

"நான் தின்னாட்டி நீங்களும் தின்னமாட்டீங்களா?"

மாமா கண்ணை மூடித் திறந்தார்.

"நான் தின்னா நீங்களும் தின்னுவீங்களா?"

மூடித் திறந்தார்.

"அம்மன் கோவிச்சா?"

மாமா சுவரையும் பார்க்கவில்லை, கண்ணையும் மூடவில்லை. மாமியையே பார்த்துக்கொண்டிருந்தார். கோணிய வாய் சிரித்தது.

மாமி கையைக் கழுவிக்கொண்டு வந்து இருந்தார். கலியாணம் முடித்த நாளிலிருந்து புருசன் சாப்பிட்ட பிறகே குசினி மூலையில் சாப்பிட்டுப் பழகிய மனுசி, புருசனும் புருசனின் அக்காமாரும் பிள்ளைகளும் பார்த்துக்கொண்டிருக்க, முதல் பிடியை எடுத்துத் தன் வாயில் வைத்தார். மெல்ல முடியாமல் கொஞ்ச நேரம் வைத்திருந்தார். விழுங்கினார். அடுத்த பிடியை மாமாவின் வாய்க்குக் கொண்டுபோனார். மாமா வாயைத் திறந்தார்.

பெரியம்மா சுவரோடு சாய்ந்துவிட்டார். மாமிக்கு ஒரு பிடி, மாமாவுக்கு ஒரு பிடியாகக் கோப்பை மெதுவாக வெறுமையானது. நாங்கள் எல்லோரும் அழுதுகொண்டு நின்றோம், மாமி மட்டும் அழவில்லை. கடைசிப் பருக்கையையும் வழித்து மாமாவுக்கு ஊட்டிவிட்டு, வெறும் கோப்பையை இடக்கையால் தூக்கிப் பெரியம்மாவிடம் நீட்டினார்.

"மதினி, எனக்கு இன்னும் பசிக்கிது. கொஞ்சம் சோறு போட்டுத் தாங்க."

பெரியம்மா கோப்பையை வாங்கிக்கொண்டு குசினிக்குள் போனார்.